கடற்காவலும் ஆராய்ச்சியும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் இன்று முத்துக்குளிப்பு இல்லை. தூத்துக்குடிக் கடலில் சர்க்கார் நடத்தி வந்த குளிப்பு 1961-ம் வருஷத்தோடு நின்று போயிற்று. எனினும் அத்தொழிலில் வழங்கி வந்த ஒரு முறை நமது தேசத்தார் அனைவரும் நினைவில் வைக்கத் தக்கது. குளிப்பு நடத்தலாமா, வேண்டாமா என்பதைக் கரையில் இருந்துகொண்டு தீர்மானிப்பதில்லை. முதலில் பார் பார்ப்பார்கள். சிப்பி விளையும் கடலடித் தளத்துக்குப் பார் என்று பெயர். அதன் மேல் தோணியைச் செலுத்தி, குளியாட்களை இறக்கி, சிப்பியின் வயதையும் செறிவையும் கண்டு, மாதிரிக்குச் சிறிதளவு எடுத்து வந்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிடுவார்கள். மதிப்புப் போதுமாயின் நாள் குறித்து விளம்பரம் செய்வார்கள். போதாதாயின் அந்த வருஷம் பாரைச் சும்மா விட்டுவிடுவார்கள். பார் பாராமல் குளிப்புக்கு முரசறைந்தவன் செலவும் இழப்பான், சிப்பியும் இழப்பான்.

ஒரு பருவத்து முத்துக்கே இவ்வளவு ஆராய்ச்சி வேண்டுமென்றால், ஒரு தேசத்தின் கடற்காவலுக்கு எவ்வளவு வேண்டும்? கப்பல் வாங்குவதும், துறைமுகம் கட்டுவதும், அயல்நாட்டோடு எல்லை வகுப்பதும் குளிப்பில் இறங்குவது போன்ற காரியங்கள். இறங்குவதற்கு முன் ஆழம் பார்த்துச் சொல்பவர் யார்? அவ்வேலையைத் தமது பிற்கால வாழ்க்கையின் தொழிலாகவே மேற்கொண்ட கடற்படை உத்தியோகஸ்தர்கள் சிலர் நமது நாட்டில் உண்டு. அவர்களைப் பற்றித் தமிழ் மக்கள் அதிகம் கேள்விப்பட்டதில்லை. போரில் கப்பலை நடத்தியவனுக்கு மாலை உண்டு. போரைப் பற்றிச் சிந்தித்து எழுதியவனுக்கு மாலை இல்லை. இது நமக்கு நன்மை தருவதன்று.

கடலைப் பற்றிச் சிந்தியாத தேசம் என்ன கதியடையும் என்பதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்தக் கரையே போதும். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இங்கு வந்தனர். 1553-ம் வருஷத்தில் கடல்வழி வந்த ஒரு படை, உள்நாட்டுப் படையொன்றின் உதவியோடு, அவர்கள் காவலிலிருந்த புன்னைக்காயலைப் பிடித்துக் கொண்டது. கொச்சியிலிருந்து கப்பல்கள் வந்த பிறகே அவ்வூர் மீண்டது. 1658-ல் டச்சுக்காரர் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பறித்தனர். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர். ஒவ்வொரு முறையும் முத்துப் பாரின் எஜமானன் மாறினான், முத்தெடுத்தவன் மாறவில்லை. நிலத்தில் ஆண்ட நமது அரசர்கள் குதிரையை எண்ணினார்கள், கோட்டையை எண்ணினார்கள். முகத்துவாரத்தில் நிற்கும் கப்பலை எண்ணவில்லை. எண்ணியவன் ஆண்டான்.

இவ்வுண்மையை நமது காலத்துக்கு முந்திய தலைமுறையில் தெளிவாகக் கண்டவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தியபோது அது வெறும் வியாபார முயற்சியாக இருந்ததில்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலுள்ள நீரில் யாருடைய கொடி பறக்கிறது என்பதே சுதந்திரத்தின் ஒரு பாதி என்று அவர் அறிந்திருந்தார். அதனாலேயே அந்நிய சர்க்காரும் அம்முயற்சியைச் சாதாரண வியாபாரப் போட்டியாகக் கருதவில்லை. 1908-ல் அவரைச் சிறையிலிட்டது. இன்று தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயரைத் தாங்குவது எளிது. அவருடைய பார்வையைத் தாங்குவதே அரிது.

சுதந்திரம் வந்த பிறகும் கடலைப் பற்றிய சிந்தனை நமக்கு உடனே வந்துவிடவில்லை. 1947-க்குப் பின் பத்து வருஷங்களுக்கு மேலாக நமது கடற்படைக்கு ஆங்கில அட்மிரல்களே தலைமை வகித்தார்கள். செங்கற்பட்டில் பிறந்த ராமதாஸ் கட்டாரி 1958 ஏப்ரலில் தலைமை ஏற்றபோதுதான் அப்பதவிக்கு முதல் இந்தியர் வந்தார். படைக்குத் தலைவன் கிடைத்தான். படையைப் பற்றி ஆராய இடம் கிடைக்கவில்லை. 1962-ம் வருஷத்து இமயமலைத் தோல்வி கண்ணைத் திறந்தது. 1965 நவம்பரில் புது டில்லியில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தப்பட்டது. அதைப் பெயரளவில் இல்லாமல் உண்மையான ஆராய்ச்சி நிலையமாக வளர்த்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம். அவர் படைவீரர் அல்லர், சிவில் உத்தியோகஸ்தர். இருமுறை அதன் இயக்குநராக இருந்து, ராணுவ விஷயங்களை ராணுவத்தார் மட்டுமே பேசலாம் என்ற எண்ணத்தை உடைத்தார். அதே போல, ராணுவ உடுப்பு அணிந்தவர்களும் அங்கு வந்து, கட்டளைக்குக் கீழ்ப்படியும் வழக்கத்தை வாசலில் வைத்துவிட்டு, வாதம் செய்யக் கற்றார்கள்.

அப்படி வந்தவர்களுள் ஒருவர் கமோடோர் உதய பாஸ்கர். முப்பத்தேழு வருஷம் கடற்படையில் இருந்து 2007-ல் ஓய்வு பெற்றவர் அவர். ஆனால் அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை ஓய்வுக்குப் பின் தொடங்கியதன்று. உடுப்பைக் களையாத காலத்திலேயே டில்லி ஆராய்ச்சி நிலையத்தில் அமர்ந்து, துணை இயக்குநராகவும், பின்னர் இயக்குநர் பொறுப்பிலும் இருந்தார். ஓய்வுக்குப் பின், 2005-ல் தோன்றிய தேசியக் கடல்சார் நிறுவனத்துக்கும், அதன் பின் கொள்கை ஆராய்ச்சிச் சங்கம் ஒன்றுக்கும் தலைமை வகித்தார். மூன்று ஆராய்ச்சி ஸ்தாபனங்களுக்கு ஒருவரே தலைமை தாங்குவது நமது நாட்டில் அபூர்வம். கமோடோர் என்பது அட்மிரல் வரிசைக்குக் கீழ்ப்பட்ட பதவி என்பதையும் கவனிக்க வேண்டும். படையில் ஒருவன் சொல்லுக்கு மதிப்பைத் தருவது தோளிலுள்ள பட்டை. ஆராய்ச்சியில் மதிப்பைத் தருவது வாதத்தின் பலம். இவ்விரண்டாவது அளவுகோலில் நிற்கச் சம்மதித்ததே அவருடைய துணிவு.

மற்றொருவர் அட்மிரல் ராஜா மேனன். நீர்மூழ்கிக் கப்பல்களில் தேர்ந்தவர். 1994-ல் ஓய்வு பெற்றார். பலர் பிரயாணத்திலும் ஞாபகக் குறிப்பு எழுதுவதிலும் காலம் கழிக்கும் வயதில், அவர் 1998-ல் கடற்போர்த் தந்திரத்தையும் கண்டத்துப் போர்களையும் பற்றி ஒரு நூலும், 2000-ல் இந்தியாவின் அணுவாயுதக் கொள்கையைப் பற்றி மற்றொரு நூலும் வெளியிட்டார். அவர் தமது சொந்தப் படைக்கே கேட்ட கேள்வி கடுமையானது. நிலத்தில் எல்லைச் சண்டை உள்ள தேசத்தில், கடற்படை வைத்திருப்பதால் நிலத்துப் போரின் முடிவு எவ்விதம் மாறும் என்று காட்ட முடியாவிட்டால், கப்பலுக்குப் பணம் கேட்கும் உரிமை கடற்படைக்கு இல்லை என்பது அதன் சாரம். தமது படைக்கு வெறும் வக்கீலாக இருப்பவனும் அதற்கு ஆராய்ச்சியாளனாக இருப்பவனும் வேறு என்பதை இக்கேள்வி விளக்குகிறது. நமது வெளிநாட்டு வர்த்தகத்தில் அளவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கடல்வழியே போகிறது. பாதுகாப்புச் செலவில் கடற்படையின் பங்கோ ஆறில் ஒன்றைச் சுற்றியே நிற்கிறது. இவ்விரு எண்களுக்கும் நடுவிலுள்ள வாதத்தை முழக்கத்தால் தீர்க்க முடியாது.

மூன்றாமவர் நமது கரைக்கு அண்மையானவர். கமோடோர் ஆர். எஸ். வாசன் கடற்படையிலும் கடலோரக் காவற்படையிலும் பணியாற்றி, கிழக்குப் பிராந்தியக் காவற்படைக்குத் தலைமை வகித்தவர். ஓய்வுக்குப் பின் டில்லிக்குப் போகாமல் சென்னையிலேயே ஆராய்ச்சியில் இறங்கி, உளவுத் துறையில் பெயர் பெற்ற பி. ராமன் முதலியோர் 2008-ல் தொடங்கிய சீன ஆராய்ச்சி மையத்துக்கு இயக்குநராகப் பணியாற்றினார். டில்லியிலிருந்து பார்த்தால் இந்தியாவின் எல்லை லடாக்கில் தொடங்குகிறது. சென்னையிலிருந்து பார்த்தால் அது பாக் நீரிணையில் தொடங்குகிறது. இரண்டு பார்வையும் தேசத்துக்கு வேண்டும். இரண்டாவது பார்வைக்கு இருக்கும் நாற்காலிகள் மிகச் சில என்பதே நமது குறை.

இத்தகையோர் உண்மையில் செய்யும் வேலை யாது என்று வாசகர்கள் கேட்கலாம். ஜோசியம் சொல்வதன்று. ஓர் உதாரணம் காண்போம். இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-ல் 99 வருஷக் குத்தகைக்குச் சீனக் கம்பெனியிடம் போயிற்று. அத்துறைமுகம் புன்னைக்காயலுக்கு நேர்கோட்டில் நானூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் உள்ளது. 2014-ல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்பில் நின்றது. 2022 ஆகஸ்டில் 'யுவான் வாங் 5' என்ற கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. நமது நாட்டில் ஒரு சாரார் நாளையே போர் என்று கூவினர். மற்றொரு சாரார் அது வியாபாரம் என்று கண்ணை மூடிக் கொண்டனர். ஆராய்ச்சியாளன் இரண்டையும் செய்யமாட்டான். அக்கப்பல் வானில் செல்லும் ராக்கெட்டுகளையும் செயற்கைக் கோள்களையும் தொடர்ந்து கண்காணிக்கும் கருவிகளை உடையது என்பான். அத்தகைய கருவி எவ்வளவு தூரம் காணும், அக்காலத்தில் நாம் எந்தச் சோதனையை ஒத்தி வைக்க வேண்டும் என்று கணக்கிடுவான். குத்தகைப் பத்திரத்தில் போர்க்கப்பலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பான். இலங்கை எந்தக் கடனால் அந்நிலைக்கு வந்தது, நாம் எந்த உதவியால் அதை மாற்றலாம் என்று கேட்பான். அந்நிய ஆராய்ச்சிக் கப்பல்களுக்கு 2024-ல் இலங்கை ஒரு வருஷத் தடை விதித்தது கூச்சலின் பயனன்று. பொறுமையாக எடுத்துரைத்த காரணங்களின் பயனென்றே நாம் கருதுகிறோம்.

இன்னொரு உதாரணம் நமது வாசலிலேயே உள்ளது. சேது சமுத்திரக் கால்வாய்த் திட்டம் 2005 ஜூலை 2-ந் தேதி மதுரையில் தொடங்கி வைக்கப்பட்டது. 167 கிலோமீட்டர் நீளமும் 12 மீட்டர் ஆழமும் உள்ள வழி வெட்டுவதாக ஏற்பாடு. அதைப் பற்றி எழுந்த சண்டை பெரும்பாலும் மதத்தையும் கட்சியையும் பற்றியது. அந்தச் சந்தடியில், ஓய்வு பெற்ற கடற்படைக் கேப்டன் எச். பாலகிருஷ்ணன் கப்பலோட்டியின் கேள்வியைக் கேட்டார். ஆழமற்ற கால்வாயில் கப்பல் வேகத்தைக் குறைக்க வேண்டும். வழிகாட்டியை ஏற்றி இறக்கக் காத்திருக்க வேண்டும். சுங்கம் கட்ட வேண்டும். இவ்வளவும் கழித்தால், மேற்கிலிருந்து வரும் கப்பலுக்கு இலங்கையைச் சுற்றிப் போவதைவிட மிஞ்சும் லாபம் எவ்வளவு? அவருடைய முடிவை ஒருவர் ஏற்கலாம், மற்றொருவர் மறுக்கலாம். ஆனால் கணக்கைக் கணக்கால்தான் மறுக்க வேண்டும். தமிழ்நாட்டு மேடைகளில் அன்று அக்கணக்கைக் கையிலெடுத்தவர்கள் எத்தனை பேர்? பார் பாராமல் முரசறையும் வழக்கத்துக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுவதில்லை.

ஆராய்ச்சி ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவார்க்கு ஒன்று நினைவூட்டுவோம். இன்று நமது கரையெங்கும் காவல் செய்யும் கடலோரக் காவற்படை ஒரு கப்பலில் பிறந்ததன்று. ஒரு குழுவின் அறிக்கையில் பிறந்தது. கே. எப். ரஸ்தம்ஜி தலைமையில் 1974-ல் நியமிக்கப்பட்ட குழு, கடத்தலைத் தடுப்பதற்குப் போர்க்கப்பலை உபயோகிப்பது தகாது, தனிப் படை வேண்டும் என்று ஆராய்ந்து கூறிற்று. 1977-ல் இடைக்காலப் படையும், 1978-ல் சட்டமும் வந்தன. இது சீக்கிரம் பலித்த யோசனை. சீக்கிரம் பலியாததும் உண்டு. கார்கில் போருக்குப் பின் கே. சுப்பிரமணியம் தலைமையில் ஒரு குழு அமர்ந்தது. அதன் மேல் மந்திரிகள் குழு 2001-ல் முப்படைக்கும் பொதுத் தலைவர் வேண்டும் என்று சிபாரிசு செய்தது. அப்பதவி ஏற்பட்டது 2020 ஜனவரியில். காகிதத்திலிருந்து காரியத்துக்கு வரப் பத்தொன்பது வருஷம்! குறை ஆராய்ந்தவர்களிடம் இல்லை.

இனி ஆட்சேபங்களைக் கவனிப்போம். படையினரைக் கொள்கை வகுப்பில் நுழைய விட்டால் குடியரசு ராணுவ அரசாகிவிடாதா என்பது முதலாவது. அயல்நாடுகள் சிலவற்றின் சரித்திரம் இந்த அச்சத்துக்கு இடம் தருகிறது. ஆனால் உடுப்பைக் களைந்து, பிரஜையாகி, பத்திரிகையில் தம் பெயரைப் போட்டு எழுதி, எவரும் மறுத்துரைக்க இடம் தருபவனிடமிருந்து குடியரசுக்கு ஆபத்து வராது. மூடிய அறையில் ரகசியமாக யோசனை சொல்பவனைவிட அவன் ஆயிரம் மடங்கு நல்லவன்.

இரண்டாவது ஆட்சேபம் கனமுள்ளது. டில்லி ஆராய்ச்சி நிலையத்துக்குப் பணம் கொடுப்பது பாதுகாப்பு மந்திரி இலாகா. வேறு ஸ்தாபனங்களுக்குப் பணம் கொடுப்பவர் பலர். ஆயுதம் விற்கும் கம்பெனியின் பணத்தில் ஆயுதம் வேண்டுமா என்று ஆராய்பவன் என்ன விடை காண்பான்? சோறு போட்டவன் பக்கம் சொல் சாயும் என்பது உலக வழக்கு. இதற்குப் பரிகாரம் ஆராய்ச்சியை ஒழிப்பதன்று, கணக்கைத் திறப்பது. ஒவ்வொரு ஸ்தாபனமும் யாரிடம் எவ்வளவு பெற்றது என்பதை வருஷந்தோறும் அச்சிட்டு வெளியிட வேண்டும். கட்டுரை எழுதுபவர் எந்தக் கம்பெனிக்கு ஆலோசகர் என்பதைக் கட்டுரையின் அடியில் சொல்ல வேண்டும். நேர்மையுள்ளவர் இதற்கு அஞ்சார்.

மூன்றாவது தடை சர்க்காரிடமிருந்து வருவது. பார் பார்க்கச் சொல்லிவிட்டுக் கடலில் இறங்காதே என்று தடுத்தால் எப்படிப் பார்ப்பது? 1962-ம் வருஷத்துத் தோல்வியை விசாரித்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963-ல் எழுதப்பட்டது. அதன் ஒரு பகுதியை 2014-ல் அந்நியப் பத்திரிகையாளர் ஒருவர் வெளியிட்டார். நமது சர்க்கார் வெளியிடவில்லை. 2021 மே மாதத்தில், உளவு மற்றும் பாதுகாப்பு அமைப்புக்கள் சிலவற்றில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்கள், தமது இலாகா சம்பந்தமாக முன் அனுமதியின்றி எதையும் வெளியிடலாகாது என்று பென்ஷன் விதி திருத்தப்பட்டது. முப்படையினர் அவ்விதிக்குள் வரார் என்பது உண்மை. ஆயினும் அந்நியர் ஆட்சியில் 1923-ல் இயற்றிய ரகசியச் சட்டம் அனைவர் தலைமேலும் தொங்குகிறது. அதே 2021-ல், போர் ஆவணங்களை இருபத்தைந்து வருஷத்துக்குள் வெளியிடுவது வழக்கமாக வேண்டும் என்று பாதுகாப்பு இலாகா ஒரு கொள்கையை அறிவித்தது. அறிவிப்பு நல்லது. ஒரு கையால் கதவைத் திறந்து மற்றொரு கையால் பென்ஷனைப் பிடித்துக் கொள்வது நல்லதன்று. உண்மையான ரகசியம் காக்கப்பட வேண்டும். அதில் எமக்கு ஐயமில்லை. தவற்றை மறைப்பதற்கு ரகசியம் என்று பெயரிடுவதையே ஆட்சேபிக்கிறோம்.

இதுகாறும் கூறியவை டில்லிக்குரியவை. நமக்குரிய குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேலே சொன்ன பெரியோர்களின் எழுத்து பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. அது புன்னைக்காயலுக்கு வருவதில்லை. புன்னைக்காயல் அறிந்தது அவர்களுக்குப் போவதில்லை. நானூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் இக்கரையில் தங்கி, பரதவரிடம் தமிழ் கற்று, 1578-ல் கொல்லத்தில் தமிழெழுத்தில் நூல் அச்சிட்டார். கரையோரத்து மக்களின் மனத்தில் இடம் பெற வேண்டுமானால் அவர்கள் மொழியில் பேச வேண்டும் என்று அந்நியருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய நோக்கம் மதம். நமது நோக்கம் தேசக் காவல். அவருக்கிருந்த சிரத்தை நமக்கில்லையா?

2008 நவம்பரில் பம்பாயைத் தாக்கிய பத்துப் பேர் நமது மீனவரின் படகு ஒன்றைப் பறித்து, அதில் ஏறியே கரையை நெருங்கினர். அதன் பிறகுதான் கடற்பாதுகாப்பின் முழுப் பொறுப்பு கடற்படைக்கு அளிக்கப்பட்டது. மீனவர்களுக்கு அடையாளச் சீட்டுக்கள் வழங்கினார்கள். அவர்களைத் தேசத்தின் கண்களென்றும் செவிகளென்றும் புகழ்ந்தார்கள். கண்ணும் செவியும் சரி. அவர்களுக்கு மூளையும் உண்டு என்பதை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. எந்தக் காற்றில் எந்தப் படகு எவ்வளவு தூரம் போகும், எத்தனை பாகம் ஆழத்தில் எந்த மீன், அந்நியப் படகு எது, வழி தவறியது எது என்பதெல்லாம் அவர்கள் அறிவு. விஜயநாராயணத்தில் 1990 முதல் கட்டபொம்மன் பெயரால் கடற்படை நிலையமொன்று நின்று, நீருக்கடியில் செல்லும் கப்பலுக்குச் செய்தி அனுப்புகிறது. அதன் அண்டையில் வாழும் கடலோடியின் செய்தி டில்லி மேஜைக்குப் போகப் பாதை இல்லை!

பாதை இல்லாததன் விளைவைப் பாக் நீரிணையில் காண்கிறோம். 1974, 1976 ஒப்பந்தங்கள் எல்லையை வகுத்தன. எல்லை வகுத்தவர்கள் மீனவனைக் கேட்டதில்லை என்பது நமது நியாயமான குறை. நமது மீனவர் சிறைப்படும்போதும் படகை இழக்கும்போதும் உள்ளம் கொதிக்கிறது, கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் கொதிப்போடு நின்றால் அடுத்த மாதமும் சிறை. அதற்கடுத்த மாதமும் சிறை. உண்மையை முழுவதும் ஆராய வேண்டும். கடலடியை வாரும் இழுவை வலையை ஒரு காலத்தில் சர்க்காரே ஊக்குவித்தது. அவ்வலை நமது பக்கத்துக் கடலையும் வறிதாக்கியது. எல்லைக்கப்பால் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் உள்ள தமிழ் மீனவனின் வலையையும் அறுக்கிறது. 2017-ல் இலங்கை இழுவை வலைக்குச் சட்டத்தால் தடை விதித்தது. போரில் அனைத்தையும் இழந்து திரும்பிய அந்தத் தமிழனின் குறையைக் கேளாமல், தமிழர் உரிமை பேசுவது நியாயமாகுமா? துப்பாக்கிச் சூட்டைக் கண்டிப்பதும், நமது வலையைத் திருத்துவதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. இதை மேடையில் சொன்னால் கைதட்டல் குறையும். ஆராய்ச்சியாளன் கைதட்டலுக்குச் சொல்வதில்லை. அதனாலேயே அவன் வேண்டும்.

ஆதலின் மூன்று காரியங்களை வேண்டுகிறோம். முதலாவது, தூத்துக்குடியில் கடற்காவல் ஆராய்ச்சிக்கென்று ஒரு நிலையம் வேண்டும். மீன்வளக் கல்லூரி அங்கு உண்டு, துறைமுகம் உண்டு, இப்பிராந்தியத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற கடற்படையினர் உண்டு. அவர்களோடு சட்டம் கற்றவரும், இலங்கை விஷயம் அறிந்தவரும், குளியாட்களின் வழிவந்த கடலோடிகளும் ஒரே மேஜையில் அமர வேண்டும். கடலோடி சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவனாக அன்றி அங்கத்தினனாகவே அமர வேண்டும். இரண்டாவது, அந்நிலையத்தின் ஒவ்வோர் அறிக்கையும் முதலில் தமிழில் வர வேண்டும். அதன் வரவு செலவும் அவ்வாறே வர வேண்டும். மூன்றாவது, பார்லிமெண்டின் பாதுகாப்புக் குழு இத்தகைய ஆராய்ச்சியாளர்களை அழைத்து விசாரித்து, ரகசியமல்லாத பகுதியை அச்சிட்டு, சர்க்கார் ஏற்றதற்கும் மறுத்ததற்கும் குறிப்பிட்ட காலத்துக்குள் காரணம் சொல்லும்படி செய்ய வேண்டும். பத்தொன்பது வருஷம் காத்திருக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இவற்றுக்குக் கோடிக் கணக்கில் பணம் வேண்டியதில்லை. ஒரு போர்க்கப்பலின் விலையில் சிறு துளி போதும். அத்துளியைச் செலவிடாததால் கப்பலே தவறான இடத்தில் நிற்க நேரிடும்.

நமது இளைஞர்களுக்கும் ஒன்று சொல்வோம். கட்சிப் பணியும் தேசப் பணியே. ஆயினும், கடற்சட்டம் படித்தவன், கப்பல் அறிந்தவன், ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஷரத்தையும் கரைத்துக் குடித்தவன் ஒருவன் இல்லாத சபையில் ஆயிரம் பேர் கோஷமிட்டாலும், எதிரில் அமர்ந்திருக்கும் அயல்நாட்டு உத்தியோகஸ்தன் அஞ்சப் போவதில்லை. வ. உ. சி. சட்டம் படித்தவர் என்பதை மறவாதீர்கள். கப்பல் வாங்கப் புறப்படுமுன் அவர் கணக்குப் பார்த்தார். பார்த்த பின் அஞ்சவில்லை.

முத்துக்குளிப்பில் குளியாளி கல்லைக் காலில் கோத்து ஆழத்தில் இறங்குகிறான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக் கொண்டு நிற்கிறான். கீழே இருப்பவனுடைய உயிர் மேலே இருப்பவனுடைய கவனத்தில் உள்ளது. இன்று நமது கடல் எல்லையில் கப்பலில் நிற்கும் வீரனும், வலையோடு போகும் மீனவனும் கீழே இறங்கியவர்கள். கயிறு நமது கையில் இருக்கிறது. கயிற்றைப் பிடித்தவன் கடலை அறிந்தவனாக இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமாகுமா?